அனுப்பியோர் கடன்

விண்வெளிப் பயணங்களைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் பெரும்பாலும் புறப்பாட்டையே பாடுகின்றனர். ரொக்கட் தீயைக் கக்கி எழுகின்ற காட்சி கண்ணையும் செவியையும் ஒருங்கே ஆட்கொள்வது. அரசுகள் அதனை விரும்புகின்றன, பத்திரிகைகள் விரும்புகின்றன, தபால் முத்திரைகளிலும் சுவரொட்டிகளிலும் அதுவே இடம்பெறுகின்றது. மீட்சியோ அழகற்றது. கருகிய ஓர் உலோகக் கூடு பரசூட்டில் தொங்கிக்கொண்டு வந்து புல்வெளியிலோ கடலிலோ விழுகின்றது. மாதக்கணக்கில் விண்ணில் வாழ்ந்தோர் உள்ளேயிருந்து எடுக்கப்படும்போது தம் காலில் நிற்கமாட்டாமல் நாற்காலிகளில் தூக்கிச் செல்லப்படுகின்றனர். ஆயினும், இம்முயற்சியின் ஒழுக்கப் பெறுமானத்தை அளக்க விரும்பும் ஒருவர் இந்த அழகற்ற கட்டத்தையே கூர்ந்து நோக்க வேண்டும் என்பது என் கருத்து. தன் சொந்த வலிமையால் மீள முடியாத ஓரிடத்துக்கு ஒரு மனிதனை அனுப்பும் சமுதாயம் அவனுக்கு என்ன கடமைப்பட்டிருக்கின்றது என்னும் வினா அங்கேதான் எழுகின்றது. அவ்வினாவுக்கு அரசுகளும் நிறுவனங்களும் இதுவரை அளித்துள்ள விடைகளுள் பெருமைக்குரியனவும் உள, நாணத்தக்கனவும் உள.

மீட்சி என்பது யாது என்று முதலில் தெளிந்துகொள்ளல் நன்று. ஏறுவதுதான் கடினம், விழுவது தானாக நிகழும் என்று உயர்தர வகுப்பு மாணவர் பலர் கூறக் கேட்டிருக்கிறேன். (பௌதிக ஆசிரியரின் வேலையில் ஒரு தமிழாசிரியன் தலையிடுவதை நண்பர்கள் பொறுத்துக்கொள்வார்களாக.) பூமிக்கு மேல் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்திலிருந்து புறப்படும் ஒரு கலம் மணிக்கு 28,000 கிலோமீற்றர் வேகத்தில் சென்றுகொண்டிருக்கின்றது. ஒரு செக்கனுக்கு ஏழரைக் கிலோமீற்றருக்கும் அதிகம். ருஷ்யாவின் சோயூஸ் கலம் திரும்ப எண்ணும்போது தன் இயந்திரத்தை எதிர்த்திசையில் ஐந்து நிமிடத்துக்கும் குறைவாகவே இயக்குகின்றது. அதனால் குறையும் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 128 மீற்றர் மாத்திரமே, அதாவது உள்ள வேகத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. எஞ்சியதையெல்லாம் வளிமண்டலமே வாங்கிக்கொள்ள வேண்டும். அவ்வேகத்தில் செல்லும் கலத்தின் ஒவ்வொரு கிலோகிராமிலும் பொதிந்துள்ள இயக்கச் சக்தி, அதே நிறையுள்ள வெடிமருந்தின் சக்தியைக் காட்டிலும் ஆறு மடங்குக்கு மேற்பட்டது. இவ்வளவு சக்தியையும் அரை மணி நேரத்துக்குள், உள்ளே இருக்கும் மனிதரின் தோலில் ஒரு கொப்புளமும் எழாதவாறு வெளியேற்றுதலே மீட்சிக் கலை.

இதற்குக் கண்ட வழி வியப்புக்குரியது. ஆரம்பத்தில் பொறியியலாளர் பலர் அம்புபோல் கூரிய முனையுடைய வடிவமே ஏற்றது என எண்ணினர். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க விஞ்ஞானி யூலியன் அலன், மழுங்கிய, அகன்ற முகமே உகந்தது என்று காட்டினார். மழுங்கிய முகம் தனக்கு முன்னே காற்றை நெருக்கி ஓர் அதிர்ச்சி அலையை எழுப்புகின்றது. வெப்பத்தின் பெரும்பகுதி அந்தக் காற்றிலேயே தங்கிக் கலத்தைச் சுற்றி ஓடிவிடுகின்றது. எஞ்சிய வெப்பத்தை ஏற்பதற்காகக் கலத்தின் அடியில் ஒரு கவசம் பொருத்தப்படுகின்றது. அது மெல்ல மெல்லத் தானே கருகி உதிர்ந்து, உதிரும்போது வெப்பத்தையும் தன்னோடு கொண்டுபோகின்றது. தன்னை அழித்துக்கொண்டு காக்கும் இப்பொருளைப் பற்றி நம் கவிஞர்கள் இன்னும் பாடவில்லை.

சந்திரனுக்குச் சென்று மீண்ட அப்பலோ கலங்களின் கவசம் தேன்கூடு போன்ற அறைகளால் ஆனது. அறைகளின் எண்ணிக்கை மூன்று இலட்சத்துக்கு மேல். அவை ஒவ்வொன்றையும் தொழிலாளர் கையிலேந்திய குழல்கருவியால் நிரப்பினர். நிரப்பியதை எக்ஸ் கதிர் கொண்டு சோதித்தனர். குறை கண்ட அறையைத் துளைத்து மீண்டும் நிரப்பினர். அப்பலோவின் பரசூட்டுகளும் கையாலேயே மடிக்கப்பட்டன. அவற்றை மடிக்க உரிமம் பெற்றிருந்தோர் மூவரே என்றும், விபத்து நேரின் மூவரையும் ஒருங்கே இழக்க நேரும் என்று அஞ்சி அவர்களை ஒரே காரில் பயணஞ்செய்ய அனுமதிக்கவில்லை என்றும் அக்காலத்தை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். சந்திரனில் நடந்த பன்னிருவரின் பெயர்களை மனனஞ்செய்யும் நம் மாணவர், மணிக்கு ஏறத்தாழ 40,000 கிலோமீற்றர் வேகத்தில் வந்த அவர்களை உயிரோடு கடலில் இறக்கிய அந்தக் கைகள் யாருடையவை என்று கேட்பதில்லை.

சோயூஸ் கடலை நாடுவதில்லை. கசாக்ஸ்தானின் புல்வெளியில் இறங்குவது. ஒவ்வொரு வீரருடைய முதுகின் வளைவுக்கும் ஏற்ப அச்செடுத்து வார்க்கப்பட்ட இருக்கை அதனுள் இருக்கின்றது. ஏறத்தாழ 10 கிலோமீற்றர் உயரத்தில் பரசூட்டுகள் விரியத் தொடங்குகின்றன. பெரிய பரசூட்டின் பரப்பு 1,000 சதுர மீற்றர். அதன் பின்னும் கலம் செக்கனுக்கு ஏழு மீற்றர் அளவில் வீழ்கின்றது. நிலத்துக்கு ஒரு மீற்றருக்கும் குறைவான உயரத்தில் அடியிலுள்ள சிறு ரொக்கட்டுகள் ஒரு கணம் வெடித்து அவ்வேகத்தை உறிஞ்சிவிடுகின்றன. ஒரு முதுகெலும்பைக் காப்பதற்காக இத்தனை பேர் இத்தனை ஆண்டுகள் சிந்தித்திருக்கின்றனர் என்பது மனிதகுலத்தின் மீது நம்பிக்கை தருவதாகும்.

ஆனால், மீட்சியைப் பற்றிச் சிந்தியாமலே அனுப்பியதும் உண்டு. 1957ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் லைக்கா என்னும் நாய் இரண்டாவது ஸ்புட்னிக்கில் ஏற்றப்பட்டபோது அதனைத் திருப்பிக் கொணர்வதற்கு எவ்வழியும் இருக்கவில்லை. அனுப்பியவர்கள் அதனை அறிந்தே அனுப்பினர். அது பல நாட்கள் வாழ்ந்தது என்று உலகுக்குச் சொல்லப்பட்டது. சில மணி நேரத்துள் வெப்பம் தாளாது மாண்டது என்னும் உண்மை 2002இலேயே வெளிவந்தது. அம்முயற்சியில் பங்குகொண்ட விஞ்ஞானி ஒலெக் கசென்கோ 1998இல், அவ்விறப்பை நியாயப்படுத்துமளவுக்கு அதிலிருந்து தாம் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று வருந்திக் கூறினார். 1960 ஆகஸ்டில் பெல்கா, ஸ்திரெல்கா என்னும் இரு நாய்கள் பூமியைச் சுற்றி உயிருடன் மீண்டன. அதன் பின்னரே மனிதனை அனுப்புவது பற்றி முடிவாயிற்று.

1961 ஏப்பிரல் 12ஆம் நாள் யூரி ககாரின் பூமியை வலம்வந்து சராத்தோவ் பிரதேசத்தில் இறங்கினார். வயலில் நின்ற ஒரு மூதாட்டியும் அவருடைய பேத்தியுமே அவரை முதலில் கண்டவர்கள். அவர் கலத்துக்குள் இருந்தபடி இறங்கவில்லை. வொஸ்தொக் கலத்தில் நிலத்தில் மெல்ல இறங்கும் பொறி இல்லாமையால் ஏழு கிலோமீற்றர் உயரத்தில் இருக்கையோடு வெளியே எறியப்பட்டுத் தனிப் பரசூட்டில் வந்தார். இதில் நாண வேண்டியது எதுவுமில்லை. இருந்த வசதிகளைக் கொண்டு ஓர் உயிரைக் காக்கும் அறிவார்ந்த வழி அது. ஆனால், விமானி தன் கலத்தோடு இறங்கினால்தான் உலக சாதனை என அங்கீகரிக்கப்படும் என்றோர் விதி இருந்தமையால், அவர் கலத்துள் இருந்தே இறங்கினார் என்று அறிவித்துப் பல ஆண்டுகள் அதனையே சாதித்தனர். சோசலிச நாடொன்றின் மகத்தான சாதனை என்பதற்காக இதனை நாம் மூடிமறைக்க வேண்டியதில்லை. மறைத்த செய்தி சிறிது. மறைக்கும் பழக்கம் பெரிது. குறைகளைப் பெருமைக்கு இழுக்கு என்று கருதும் பழக்கம் ஒரு நிறுவனத்துள் வேரூன்றினால் அது எங்குபோய் முடியும் என்பதற்கு ஆறே ஆண்டுகளில் சான்று கிடைத்தது.

1967, ஒக்டோபர் புரட்சியின் பொன்விழா ஆண்டு. புதிய சோயூஸ் கலத்தில் மனிதர் பறந்தாக வேண்டும். அதற்கு முன் ஆளின்றி நடத்திய மூன்று சோதனைகளும் தோல்வி. ஒன்று கட்டுப்பாட்டை இழந்து அழிக்கப்பட்டது. ஒன்று ஏவுதளத்தில் வெடித்தது. மற்றொன்று கவசம் துளைபட்டு அரல் கடலின் பனிக்கட்டியில் விழுந்து மூழ்கியது. அப்படியிருந்தும் ஏப்பிரல் 23ஆம் நாள் விளாடிமிர் கொமரோவ் அனுப்பப்பட்டார். சூரியசக்தித் தகடுகளுள் ஒன்று விரியவில்லை. கலம் நிலைகொள்ள மறுத்தது. அவர் தம் திறமையால் அதனைத் திருப்பி வளிமண்டலத்தையும் கடந்துவிட்டார். கடைசியில், சிறிய பரசூட்டால் பெரிய பரசூட்டை அதன் பெட்டியிலிருந்து இழுத்தெடுக்க முடியவில்லை. உதவிப் பரசூட் சிறிய பரசூட்டோடு சிக்குண்டது. கலம் ஒரென்பேர்க் பிரதேசத்து நிலத்தில் மோதி எரிந்தது. அவருடைய இறுதி நிமிடங்களைப் பற்றி மேலைநாட்டு நூல்களில் உலவும் நாடகக் கதைகள் இங்கு நமக்கு வேண்டா, நிகழ்ந்ததே போதுமானது. மறுநாள் மூவரை ஏற்றிக்கொண்டு புறப்படவிருந்த இரண்டாவது சோயூஸின் பரசூட்டிலும் அதே குறை இருந்தது பின்னர் தெரியவந்தது. முதற்கலத்தின் தகடு ஒழுங்காக விரிந்திருப்பின், இறந்திருக்கக்கூடியவர் நால்வர்.

நான்கு ஆண்டுகள் கழித்து நிகழ்ந்தது இதனிலும் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. சல்யூத் என்னும் முதல் விண்வெளி நிலையத்தில் மூன்று வாரங்களுக்கு மேல் வாழ்ந்த தொப்ரவோல்ஸ்கி, வோல்கொவ், பத்சாயெவ் ஆகிய மூவரும் 1971 யூன் 30ஆம் நாள் சோயூஸ் 11 கலத்தில் திரும்பினர். எல்லாப் பொறிகளும் குறித்தபடி இயங்கின. பரசூட் விரிந்தது, சிறு ரொக்கட்டுகள் வெடித்தன, கலம் மெல்ல நிலத்தில் அமர்ந்தது. மீட்புப் படையினர் கதவைத் திறந்தபோது மூவரும் இருக்கையில் இறந்துகிடந்தனர். மேலே கலத்தின் பகுதிகள் பிரிந்தபோது அமுக்கத்தைச் சமன்செய்யும் ஒரு சிறு வால்வு அதிர்ச்சியால் திறந்துகொள்ள, காற்று முழுவதும் வெளியேறிவிட்டது. அதைக் கையால் மூட எடுக்கும் நேரம் அவர்களுக்கு எஞ்சியிருந்த நேரத்தைக் காட்டிலும் நீண்டது. அமுக்க உடை அணிந்திருந்தால் மூவரும் பிழைத்திருப்பர். உடை அணிந்தால் அக்கலத்துள் மூவர் அமர இடமில்லை. அமெரிக்கரின் இருவர் கலத்துக்கு முன் மூவரை அனுப்பிவிட வேண்டும் என்று 1964இல் வொஸ்கொத் கலத்தில் மூவரை உடையின்றி நெருக்கி அமர்த்தியபோது, பிழைத்து வந்தனர். அந்த வழக்கமே சோயூஸுக்கும் தொடர்ந்தது. மூவரின் இறப்புக்குப் பின் மூன்றாவது இருக்கை அகற்றப்பட்டது. இருவர் உடையணிந்து பறந்தனர். இடமில்லை என்று முன்பு கூறப்பட்டது, ஓர் ஆளைக் குறைக்க மனமில்லை என்பதன் மறுபெயராகவே இருந்திருக்கின்றது.

இவ்விடத்து ஒருவர் தடை எழுப்பலாம். விண்வெளி வீரர் யாவரும் தாமே விரும்பிச் சென்றவர்கள். ஆபத்தை அறிந்தே ஏற்றவர்கள். அவர்களுக்காக நாம் ஏன் ஒழுக்கநூல் பேசவேண்டும்? இத்தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. உயிராபத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை மனிதனுக்கு உண்டு. அதை மறுப்பது அவனைக் குழந்தையாக்குவதாகும். ஆனால், இசைவு என்பது அறிவைப் பின்தொடர்வது. எவை கூறப்பட்டனவோ அவற்றுக்கே ஒருவன் இசைய முடியும். கொமரோவுக்குத் தம் கலத்தில் குறைகள் உண்டென்று தெரியும். பரசூட் பெட்டியுள் இருந்த குறை அவருக்கும் தெரியாது, மற்றவருக்கும் தெரியாது, தேடுவதற்கான காலம் கொடுக்கப்படவுமில்லை. வீட்டிலிருந்து புறப்படும் தமிழன் ‘போகிறேன்’ என்று சொல்லமாட்டான், ‘போய்வருகிறேன்’ என்பான். வழியனுப்புவோரும் ‘போய்வா’ என்பர். சொல்லளவில் அது மங்கல வழக்கு. பொருளளவில் இருவர் செய்துகொள்ளும் உடன்படிக்கை. போவது ஒருவன் பொறுப்பாயின், வருவது இருவர் பொறுப்பு.

இவ்வுடன்படிக்கை எவ்வாறு முறிகின்றது என்பதை உலகம் மிக நுணுக்கமாக அறிந்துகொண்டது ஒரு முதலாளித்துவ நாட்டின் விபத்திலிருந்துதான். காரணம், அங்கு விசாரணை அறிக்கை பகிரங்கமாக அச்சிடப்பட்டது. அந்த அளவுக்கு அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

2003 யனவரி 16ஆம் நாள் கொலம்பியா என்னும் அமெரிக்க விண்ணோடம் எழுவரோடு புறப்பட்டது. 82ஆவது செக்கனில் எரிபொருள் தாங்கியின் மேற்பூச்சிலிருந்து நுரைப்பொருளாலான ஒரு துண்டு பெயர்ந்து இடச்சிறகின் முன்விளிம்பைத் தாக்கியது. துண்டின் நிறை ஒரு கிலோகிராமுக்கும் குறைவு. மறுநாளே படச்சுருளில் இதனைக் கண்ட பொறியியலாளர் கவலையுற்றனர். சிறகின் முன்விளிம்பு மீட்சியின்போது ஏறத்தாழ 1,650 பாகை செல்சியஸ் வெப்பத்தைத் தாங்க வேண்டிய இடம். இராணுவத்தின் தொலைநோக்கிகளாலோ செய்மதிகளாலோ சிறகைப் படம்பிடித்துத் தருமாறு மூன்று தடவை கோரிக்கை எழுந்தது. மூன்றும் பயனற்றுப்போயின. மேலாளர் தேவையில்லை என்றனர். ரொட்னி ரோச்சா என்னும் பொறியியலாளர் இது தவறு, பொறுப்பின்மைக்கு அணித்தானது என்னும் கருத்தில் கடிதமொன்று எழுதினார், எழுதியதை அச்சிட்டுத் தோழர் ஒருவருக்குக் காட்டினார், அனுப்பவில்லை. தமக்கு மேலுள்ள படிகளைத் தாண்டிச் செல்ல அவருக்குத் துணிவு வரவில்லை. அவரை மாத்திரம் குறைசொல்வது நியாயமன்று. அலுவலகத்திலும் பாடசாலையிலும் வேலைபார்க்கும் நம்முள் எத்தனை பேரின் மேசைகளில் இத்தகைய கடிதங்கள் உறங்குகின்றன!

சேதத்தைக் கணிக்க ஒரு கணக்கீட்டு முறை பயன்பட்டது. அது சிறு துணுக்குகளைக் கொண்டு வகுக்கப்பட்டது. கொலம்பியாவைத் தாக்கிய துண்டோ அத்துணுக்குகளைப் போல் 640 மடங்கு பருமனுடையது. இச்செய்தி கூட்டத்தில் காட்டப்பட்ட ஒரு பக்கத்தின் அடியில், சிறு எழுத்தில் இருந்தது. பின்னர் ஆராய்ந்த விசாரணைச் சபை சுட்டிக்காட்டிய முக்கியமான கருத்து ஒன்றை ஒவ்வொரு நிருவாகியும் மனங்கொள்ள வேண்டும். கலம் பாதுகாப்பானது என்று நிறுவும் பொறுப்பு மேலாளருடையதாக இருந்திருக்க வேண்டும். நடந்ததோ மறுதலை, ஆபத்தானது என்று நிறுவும் பொறுப்பு பொறியியலாளர் தலையில் விழுந்தது. ஆபத்தை நிறுவப் படம் வேண்டும். படம் கேட்டால் ஆபத்துக்கு ஆதாரம் எங்கே என்று கேட்கின்றனர். தொழிற்சாலைகளில், சுரங்கங்களில், ஆலைகளின் கழிவு கலந்த கிணறுகளின் அருகே, அதிகாரமற்றோர் எங்கும் சந்திக்கும் சுவர் இதுவே.

பெப்ரவரி 1ஆம் நாள் காலை, தரையிறங்க 16 நிமிடங்கள் இருக்கையில், சிறகின் துளைவழியே புகுந்த சூடான வாயு உள்ளிருந்த அலுமினியத்தை உருக்கிவிட, ரெக்சாஸ் மாநிலத்துக்கு மேல் கொலம்பியா சிதறியது. இந்தியாவில் கர்னால் நகரில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட எழுவரும் மாண்டனர். அவ்வாண்டு யூலையில் விசாரணையாளர், அதே போன்ற நுரைத்துண்டு ஒன்றை அதே போன்ற சிறகுப் பலகையின்மீது ஏறத்தாழ அதே வேகத்தில் எறிந்து பார்த்தனர். 40 சதமமீற்றர் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது.

அத்துணைப் படித்த நிறுவனம் ஏன் ஏமாந்தது? நுரைத்துண்டுகள் முன்பும் பல தடவை விழுந்திருந்தன. கலங்கள் மீண்டும் வந்திருந்தன. 1988 டிசெம்பரில் அற்லாந்திஸ் என்னும் ஓடத்தின் வெப்பத் தகடுகளுள் எழுநூறுக்கு மேற்பட்டவை சேதமுற்றன. வீரர்கள் மேலிருந்து கண்டு சொன்னபோது, படம் தெளிவில்லை, பெரிதாக ஒன்றுமில்லை என்றது தரை. அவர்கள் பிழைத்தனர். இவ்வாறு ஒவ்வொரு தப்பிப்பும் ஆபத்தில்லை என்பதற்குச் சான்றாகக் கணக்கில் சேர்ந்தது. தப்பியதைக் கொண்டு ஆபத்தின்மையை நிறுவுதல் தருக்கப் பிழை. ஆனால் அப்பிழைக்குச் சம்பளமும் பதவியுயர்வும் உண்டு என்பதே அதன் பலம். அட்டவணை குலையாமல் காப்பவன் திறமையாளன் எனப்படுகின்றான். நிறுத்துங்கள் என்பவன் சரியாகச் சொன்னான் என்பது அநேகமாக எக்காலத்தும் வெளித்தெரிவதில்லை. நிறுத்தினால் விபத்து நிகழ்வதில்லை அல்லவா?

இதனிலும் கடினமான வினா ஒன்று எஞ்சியுள்ளது. கொலம்பியாவின் வீரர்களுக்கு யனவரி 23ஆம் நாள் தரையிலிருந்து ஒரு செய்தி சென்றது: நுரைத்துண்டு ஒன்று பட்டது, கவலை இல்லை. பத்திரிகையாளர் யாரேனும் கேட்டால் அவர்கள் திகைக்கக்கூடாது என்பதே அதனைச் சொன்னதன் நோக்கம். நாசாவில் உயர்பதவி வகித்த வெயின் ஹேல் 2013இல் எழுதிய நினைவுக் குறிப்பொன்றில், அந்நாட்களில் பொறுப்பான ஒருவர் தம்மிடம் வினவியதைப் பதிவுசெய்துள்ளார். கவசம் பழுதுபட்டிருந்தால் நாம் செய்யக்கூடியது எதுவுமில்லை. அப்படியானால் அவர்கள் அறியாமல் மகிழ்ச்சியோடு பயணத்தை முடித்து இறப்பது மேலன்றோ என்பது அதன் கருத்து.

இதைச் சொன்னவரைக் கொடியவர் என்று கூற எனக்கு மனமில்லை. அன்புள்ளவர்களே இவ்வாறு எண்ணுகின்றனர். நோயாளியிடம் நோயின் பெயரை மறைக்கும் பிள்ளைகளும் இவ்வாறே எண்ணுகின்றனர். எனினும் இதில் இரண்டு தவறுகள் உண்டு. முதலாவது, செய்யக்கூடியது எதுவுமில்லை என்பது பொய். விசாரணைச் சபைக்காகப் பின்னர் செய்யப்பட்ட ஆய்வில், சேதத்தைத் தொடக்கத்திலேயே கண்டிருந்தால், வீரர்கள் அசைவைக் குறைத்து ஒட்சிசனையும் காற்றைச் சுத்திகரிக்கும் பொருளையும் சிக்கனப்படுத்திப் பெப்ரவரி நடுப்பகுதிவரை வாழ்ந்திருக்க முடியும் எனக் கணித்தனர். அப்போது அடுத்த பயணத்துக்காக ஆயத்தமாகிக்கொண்டிருந்த அற்லாந்திஸை இரவுபகல் உழைத்து அதற்குள் ஏவியிருக்கவும் முடியும். நிச்சயமாகக் காப்பாற்றியிருப்பர் என்று எவரும் சொல்லவில்லை. முயன்றிருக்கலாம் என்பதே முடிவு. எதுவும் செய்ய இயலாது என்னும் தீர்ப்பு பார்க்காமலே வழங்கப்பட்டது. பார்க்காமலிருந்ததனாலேயே அது உண்மையுமாயிற்று.

இரண்டாவது தவறு, முதலாவது இல்லாதிருப்பினும் நிற்கும். உண்மையாகவே வழியில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர்களுடைய மரணம் அவர்களுடையது. எஞ்சிய பத்து நாட்களில் யாரோடு பேசுவது, எதை எழுதுவது, எதை மன்னிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கே உரியது. அறிவின் பயனைக் கொண்டு அறியும் உரிமையை அளப்பது ஆளுவோர் வழக்கம்; அவர்கள் அறிந்து என்ன செய்யப்போகிறார்கள் என்பது காலனித்துவ அதிகாரிகளின் வாயில் அடிக்கடி வந்த வாக்கியமன்றோ! 1969 யூலையில், சந்திரனில் இறங்கும் இருவரும் மீளமுடியாமற்போனால் அமெரிக்க ஜனாதிபதி வாசிப்பதற்கென ஓர் இரங்கலுரை முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டிருந்தது. அழகான உரை என்பர். அவ்விருவரும் தம்மைச் சந்திரனிலிருந்து எழுப்ப வேண்டிய இயந்திரம் ஒன்றே, மாற்று இயந்திரம் இல்லை என்பதை அறிந்து சென்றனர். இரங்கலுரை எழுதி வைத்தமை பற்றி எனக்கு முறைப்பாடில்லை. அறிந்து சென்றவரை இழப்பதும் அறியாதவாறு வைத்திருந்தவரை இழப்பதும் ஒன்றல்ல.

அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டு, ஏதோ கற்றுக்கொள்ளப்பட்டுள்ளது என்று எண்ண இடந்தருகின்றன. 2024 யூன் 5ஆம் நாள் போயிங் நிறுவனத்தின் ஸ்ரார்லைனர் கலம் முதன்முறையாக இருவரைச் சுமந்து விண்வெளி நிலையத்துக்குச் சென்றது. வழியில் ஈலியம் கசிந்தது. சிறு உந்துபொறிகள் சில நின்றுபோயின. எட்டு நாளில் திரும்பியிருக்க வேண்டியவர்கள் காத்திருந்தனர். கலம் பாதுகாப்பானது என்றே அதைச் செய்த நிறுவனம் கருதியது. ஆனால், பொறிகள் ஏன் நின்றன என்பதை ஐயமற விளக்க எவராலும் முடியவில்லை. ஆகஸ்டு 24ஆம் நாள் நாசா, கலம் வெறுமையாகத் திரும்பட்டும் என்று முடிவுசெய்தது. அம்முடிவுக்கு விலை உண்டு. அடுத்த கலத்தில் செல்லவிருந்த நால்வருள் இருவர் தம் இடத்தை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. எட்டு நாளுக்குச் சென்ற இருவரும் 286 நாட்கள் கழித்து 2025 மார்ச் 18ஆம் நாளே புளோரிடாக் கரையோரக் கடலில் இறங்கினர். ஸ்ரார்லைனர் செப்தெம்பரில் ஆளின்றி வந்து பழுதின்றி நிலத்தில் இறங்கிற்று. உடனே, பார்த்தீர்களா, இருவரும் அதிலேயே வந்திருக்கலாமே என்றனர் சிலர். 1988இன் அற்லாந்திஸையும் இவ்வாறுதான் வாசித்தனர். ஒரு முடிவின் நேர்மையை அது எடுக்கப்பட்ட வேளையில் இருந்த அறிவைக் கொண்டே நிறுக்க வேண்டும். சூதாட்டத்தில் வென்றவன் கணிதம் அறிந்தவன் ஆகிவிடுவதில்லை.

மற்றையது சீனாவினுடையது. 2025 நவம்பர் 5ஆம் நாள் ஷென்சோ 20 கலத்தில் மூவர் திரும்பவிருந்தனர். கலத்தின் சாளரத்தில் நுண்ணிய வெடிப்பு காணப்பட்டது. விண்வெளிக் குப்பைத் துணுக்கு பட்டிருக்கலாம் எனக் கருதினர். திரும்புதல் ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைத்தமையும் அதற்கான காரணமும் அறிவிக்கப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது. ஒன்பது நாள் கழித்து அம்மூவரும், தங்களுக்குப் பதிலாக வந்தோரின் ஷென்சோ 21 கலத்தில் ஏறி உள்மொங்கோலியப் பாலைநிலத்தில் நலமாக இறங்கினர். இதனால் நிலையத்தில் எஞ்சிய புதிய மூவருக்கும் மீள ஏற்ற கலம் இல்லாது போயிற்று. ஒருவரின் பாதுகாப்பைத் தேடும்போது மற்றொருவரின் பாதுகாப்பு குறைந்த இந்நிலை, ஒழுக்கவியல் வகுப்பில் விவாதிக்கத்தக்கது. முன்பு வந்தவருக்கு முன்னுரிமையா, பின்பு வந்தவருக்கு இழைத்த அநீதியா என்று மாணவர் வாதிடட்டும். அங்கிருந்தோர் வாதிட்டுக்கொண்டிருக்கவில்லை. அடுத்த ஆண்டு மனிதரோடு செல்வதற்கென வைக்கப்பட்டிருந்த ஷென்சோ 22ஐ விரைந்து ஆயத்தஞ்செய்தனர். நிலையத்து மூவரும் பதினொரு நாட்கள் படகில்லாத தீவில் இருப்போர்போல் இருந்தனர். நவம்பர் 25ஆம் நாள் அக்கலம், உணவும் உதிரிப்பாகங்களும் ஏற்றி, ஆள் எவருமின்றிப் புறப்பட்டு, அன்றே போய் நிலையத்தோடு இணைந்தது.